புதுப்பிப்பு: எலிக்காய்ச்சல் ஆய்வும் அந்தக் கடிதமும்

தொற்றுநோய் ஆய்வுக்கான முதுநிலை மாணவர் பரிசுக்கு விண்ணப்பிக்க வேண்டும், மேற்பார்வையாளர் பரிந்துரைக் கடிதம் தராமல் இழுத்தடிக்கிறார் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். நீங்கள் சொன்னபடி வரைவை நானே எழுதி அனுப்பினேன். கடைசி நாள் மாலை கையெழுத்தாகி வந்தது.

முடிவு: இரண்டாம் இடம். சரி, பரவாயில்லை.

கடிதத்தைவிடத் திணறடித்தது என் எலிக்காய்ச்சல் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் ஒரு பக்கச் சுருக்கம்தான். சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முப்பது வருடம் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியவர். எலிக்காய்ச்சல் கிருமியின் பெயரான 'லெப்டோஸ்பைரா' என்றதுமே கையை ஆட்டி நிறுத்திவிட்டார். அப்புறம் இப்படி மாற்றினேன்: உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழம் தின்ன எலி வரும், அதன் சிறுநீர் ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் கலக்கும், கிருமி கைகால் வெட்டுக்காயம் வழியே உள்ளே போகும். தொடக்கத்தில் டெங்கி போலவே காய்ச்சலும் உடம்புவலியும் இருப்பதால் குழப்பம் வரும். மலேசியாவில் 2010 முதல் மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் இது.

“காய்ச்சல்னு போனா, தோட்டத்துல வேலைன்னும் கிளினிக்ல சொல்லணும். அவ்வளவுதானேம்மா?” என்றார். அதை அப்படியே கடைசி வரியாகப் போட்டேன்.

பரிசுப் பணத்தில் அவருக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கியாயிற்று. ஒரு சைஸ் பெரிது, மாற்ற வேண்டும்.