என்எஸ் (நெட்வொர்க் ஸ்டேட்டஸ்) லைட் பச்சையா சிமிட்டினா நெட்வொர்க் ஓகேன்னு எடுத்துக்கலாமா?

பேனல்வயர்:
ஈதர்நெட்/ஐபி (தொழிற்சாலை நெட்வொர்க் முறை) மேக்னெடிக் ஃப்ளோமீட்டர், பைப்ல ஓடுற அளவைக் காட்டுறது. எம்எஸ் (மாட்யூல் ஸ்டேட்டஸ், மீட்டரோட சொந்த நிலை) லைட் பச்சையில நிக்குது. என்எஸ் லைட் பச்சை, அரை செகண்ட் எரிஞ்சு அரை செகண்ட் அணையுது. பிங் (கருவி பதில் சொல்லுதான்னு பார்க்கிறது) போகுது, பிரவுசர்ல மீட்டர் பக்கம் திறந்தா ஃப்ளோ தெரியுது. பிஎல்சில (ஆலையை ஓட்டுற கன்ட்ரோலர்) அந்த ரீடிங் விழுற டேக் மட்டும் பூஜ்யம். பச்சை சிமிட்டினா டேட்டா ஓடுதுன்னுதானே? மீட்டர் சரி, புரோகிராமைப் பாருங்கன்னு சொல்லிடலாம்ல?

லூப்செக்:
அவசரப்படாதீங்க. டேட்டா ஓடுறதைக் காட்டுறது போர்ட் பக்கத்துல இருக்கிற லிங்க் லைட். அது தாளமே இல்லாம படபடன்னு துடிக்கும். என்எஸ் அளவா சிமிட்டினா, ஐபி முகவரி இருக்கு, ஆனா ஒரு சிஐபி (ஈதர்நெட்/ஐபி கருவிகள் பேசிக்கிற மொழி) கனெக்‌ஷன்கூட இல்லைன்னு அர்த்தம். முகவரியே இல்லைன்னா என்எஸ் அணைஞ்சே கிடக்கும்.

பேனல்வயர்:
கனெக்‌ஷன் இல்லாமலா பிங் போகுது?

லூப்செக்:
பிங் வேற வழி, பிரவுசர் வேற வழி. பிஎல்சி கனெக்‌ஷன் கேட்கிறது டிசிபி போர்ட் எண் 44818, ரீடிங் வர்றது யுடிபி போர்ட் எண் 2222. நடுவுல ஃபயர்வால் இதை மட்டும் மறிச்சிருக்கலாம். முதல்ல பிஎல்சில அந்த மாட்யூலோட ஃபால்ட் கோடைப் பாருங்க. 16#0204ன்னா கேட்டதுக்குப் பதிலே வரலை. ஐபி, விலான் (நெட்வொர்க்கைப் பிரிச்சு வைக்கிற அமைப்பு), ஃபயர்வால் பாருங்க. 16#0109ன்னா கனெக்‌ஷன் சைஸ் பொருந்தலை, அதாவது அசெம்ப்ளியோட (சேர்த்து அனுப்புற டேட்டா தொகுப்பு) சைஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லை. 16#0116ன்னா மீட்டரோட ரிவிஷன் (பதிப்பு எண்) பொருந்தலை. மீட்டரை மாத்திட்டு பழைய ஈடிஎஸ் ஃபைலையே (மீட்டரைப் பத்தி பிஎல்சி சாஃப்ட்வேருக்குச் சொல்ற ஃபைல்) விட்டுவைக்கிற இடத்துல வழக்கமா வர்றது இதுதான்.

மஞ்சள்கேபிள்:
கோடைப் பார்க்கச் சொன்னது சரி. லைட்டுக்கு இவ்வளவு மரியாதை வேண்டாம்ங்கிறேன். பச்சை நிலையா எரிஞ்சாலும் பிஎல்சி பேசுதுன்னு அர்த்தம் இல்ல. ஏதாவது ஒரு சிஐபி கனெக்‌ஷன் இருந்தா போதும், எரிஞ்சிடும். எச்எம்ஐ (ஆபரேட்டர் திரை) பேனலோ லேப்டாப்ல திறந்து வச்ச கான்ஃபிகரேஷன் சாஃப்ட்வேரோ பிடிச்சு வச்சிருக்கலாம்.

லூப்செக்:
அப்போ லேப்டாப்பையும் எச்எம்ஐயையும் விலக்கிட்டுப் பாருங்க. டைம்அவுட் ஆனதும் மறுபடி சிமிட்ட ஆரம்பிச்சா பிஎல்சி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. சிவப்பு நிலையா எரிஞ்சா அதை நம்பித்தான் ஆகணும், ஐபி இரட்டிப்பு. மீட்டர் கேபிளை உருவிட்டு அதே முகவரிக்கு பிங் அடிங்க. பதில் வந்தா இன்னொருத்தன் உட்கார்ந்திருக்கான். ஏஆர்பி டேபிள்ல (எந்த ஐபி எந்தக் கருவின்னு கம்ப்யூட்டர் வச்சிருக்கிற பட்டியல்) மேக் முகவரியோட (கருவியோட நெட்வொர்க் அடையாள எண்) முதல் ஆறு எழுத்து எந்தக் கம்பெனி கருவின்னு காட்டிக்கொடுக்கும்.

மஞ்சள்கேபிள்:
நிலையான சிவப்பு சரி. சிமிட்டுற சிவப்பு? எக்ஸ்க்ளூசிவ் ஓனர் (மீட்டருக்கு அவுட்புட்டும் அனுப்புற ஒரே எஜமான்) கனெக்‌ஷன் அறுந்தாதான் அது வரும். ரீடிங் மட்டும் வாங்குற மீட்டரை நிறைய பேர் இன்புட் ஒன்லியாத்தான் போடுறாங்க. அது அறுந்தா சிவப்பே வராது, பச்சை சிமிட்டலுக்குப் போயிடும். “சிவப்பு வந்தா கூப்பிடு”ன்னு ஷிஃப்ட் ஆபரேட்டர்கிட்ட எழுதிக் கொடுத்தா அவர் கூப்பிடவே மாட்டார். அலாரத்தை பிஎல்சில கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ் பிட்லேர்ந்து எடுங்க. அப்புறம், பைப் காலியா இருந்தாலும் என்எஸ் அழகா பச்சையில நிக்கும். அளவு சரியாங்கிறதுக்கு நாமூர் என்ஈ 107ங்கிற பரிந்துரையோட நிறம் வேற: கோளாறுன்னா சிவப்பு, சோதனை நடந்தா ஆரஞ்சு, வரம்பு தாண்டினா மஞ்சள், பராமரிப்பு வேணும்னா நீலம்.

பேனல்வயர்:
கோடு 16#0116. கீயிங்கை (மாட்டினது அதே மாடல், அதே ரிவிஷனான்னு பிஎல்சி சரிபார்க்கிறது) டிசேபிள் பண்ணிட்டா முடிஞ்சுதா?

மஞ்சள்கேபிள்:
லைன் நிக்குதுன்னா பண்ணுங்க, கனெக்‌ஷன் உடனே ஏறிடும்.

லூப்செக்:
ஏறும், லைட்டும் பச்சையாகும். ஆனா புது ரிவிஷன்ல அசெம்ப்ளி வரிசை மாறியிருந்தா டோட்டலைசர் (இதுவரை ஓடின மொத்த அளவு) பைட்டை ஃப்ளோன்னு படிப்பீங்க, யாருக்கும் தெரியாது. புது ஈடிஎஸ் போட்டு, மாட்யூலை அழிச்சுத் திரும்பச் சேருங்க. அப்புறம் மீட்டர் டிஸ்ப்ளேல வர்ற எண்ணும் டேக்ல வர்ற எண்ணும் ஒண்ணான்னு ஓடுற ஃப்ளோல ஒப்பிடுங்க. பூஜ்யத்துல ஒப்பிடாதீங்க, பூஜ்யத்துல எல்லாமே பொருந்தும்.