மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண்மை குறையுமா?

மாடித்தோட்டம்: ஜிம்முக்குப் போகிற என் தம்பி புரதத்துக்காக தினமும் மீல் மேக்கர் சாப்பிடுகிறான். அது சோயாவில் செய்தது, சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது, மார்பு பெருத்துவிடும் என்று அங்கே யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லவா?

கரிசல்காடு: சொல்லுங்க. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனப் பயிரை மேய்ந்த செம்மறிகள் மந்தை மந்தையாகச் சினை பிடிக்காமல் போயின. காரணம் அதிலிருந்த ஐசோஃபிளேவோன், அதாவது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் தாவரப் பொருள். சோயாவில் இருப்பதும் அதே குடும்பம்தான். ஆட்டையே மலடாக்கியதை மனுஷன் ஏன் தினமும் தின்னணும்?

நிலவொளி: ஆட்டு விவகாரம் உண்மை. ஆனால் அந்த ஆடுகளுக்கு மாதக்கணக்கில் குளோவரே முக்கியத் தீனி. அசைபோடும் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதிலுள்ள ஃபார்மோனோனெட்டின் என்ற ஐசோஃபிளேவோனை ஈக்வால் என்ற வீரியமான பொருளாக மாற்றிவிடும். அது ரத்தத்தில் ஏராளமாகச் சேர்ந்ததால்தான் பாதிப்பு. நம் குடலிலும் சிலருக்கு ஈக்வால் உண்டாகும், எல்லாருக்கும் இல்லை.

அப்புறம், செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உண்டு. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் என்ற ஐசோஃபிளேவோன் பெரும்பாலும் பீட்டாவில்தான் ஒட்டும், அதுவும் நம் உடம்பு சுரக்கும் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைவிட மிகப் பலவீனமாக. ஆண்களிடம் நடந்த ஆய்வுகளை 2010லும் 2021லும் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை.

கரிசல்காடு: சராசரியை வைத்துப் பேசாதீங்க சார். 2008இல் அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு பெருத்து வலித்தது மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. சோயா பால் குடித்ததுதான் காரணம்.

நிலவொளி: எவ்வளவு குடித்தார்? தினமும் கிட்டத்தட்ட 3 லிட்டர். நிறுத்தியதும் ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்கிவிட்டது. மாடித்தோட்டம், உங்க தம்பி எவ்வளவு சாப்பிடுகிறார்?

மாடித்தோட்டம்: காய்ந்த உருண்டை ஒரு கைப்பிடி. வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து குருமாவில் போடுவோம்.

நிலவொளி: அந்தப் பிழிகிற தண்ணீரோடு கொஞ்சம் ஐசோஃபிளேவோனும் போய்விடும். தாராளமாகச் சாப்பிடட்டும்.

தாமரைக்குளம்: பெண்கள் பக்கத்தையும் பாருங்க. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களை சோயா பக்கமே போகாதே என்று இன்னும் மிரட்டுகிறார்கள். ஷாங்காயில் நோயிலிருந்து மீண்ட 5042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. சோயா உணவு அதிகம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன.

கரிசல்காடு: அக்கா, அவர்கள் சின்ன வயதிலிருந்தே டோஃபு என்ற சோயா பனீர் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நாற்பது வயதில் புதிதாகத் தொடங்குகிற நம்மூர்ப் பெண்ணுக்கு அது பொருந்துமா? அதோடு அது கவனித்து எழுதிய ஆய்வு. சோயாதான் காப்பாற்றியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

தாமரைக்குளம்: சோயா காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை தம்பி. கெடுக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் கேட்கிறேன். நீங்கள் சாப்பிடும் எள்ளிலும் லிக்னான் என்ற தாவரப் பொருள் இருக்கிறது. குடலில் அதுவும் ஈஸ்ட்ரோஜன் சாயல் உள்ள பொருளாகத்தான் மாறுகிறது. எள்ளுருண்டைக்கு யாரும் பயப்படுவதில்லையே?

கரிசல்காடு: எள் எப்போதோ ஒரு உருண்டை. சரி, குருமாவோடு எனக்குச் சண்டையில்லை. மாதவிடாய் நிற்கும் நேரத்து உடல் சூட்டுக்கு என்று ஐசோஃபிளேவோனைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விற்கிறார்களே, அதையும் உணவுக் கணக்கில் சேர்ப்பீர்களா?

தாமரைக்குளம்: மாட்டேன். அதை மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை போடுபவர்களும் கவனிக்கணும். சோயா அந்த மருந்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும், இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மாடித்தோட்டம்: அம்மா தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் எங்களோடு டிபன் சாப்பிடுகிறார். மீல் மேக்கரை இனி மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.