சார்கோபீனியா: 'மூப்புத் தசையிழப்பு' வேண்டாம், 'தசைநலிவு' போதும்

அன்புள்ள ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தசையும் அதன் வலுவும் குறைந்துபோகும் சார்கோபீனியா (sarcopenia) நோய்க்குத் தமிழ்ப் பெயராக ஐயா முன்வைத்த 'மூப்புத் தசையிழப்பு' மூலச்சொல்லுக்கு நெருக்கமானதுதான். 1989இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் கிரேக்கத்திலிருந்து சதை, குறைவு என்ற இரண்டையும் சேர்த்து அந்தப் பெயரை எழுதியபோது, வயதோடு தசை குறைவதைத்தான் மனதில் வைத்திருந்தார். ஆனாலும் மூப்பு, இழப்பு இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. காரணம் எங்கள் ஆச்சி.

ஆச்சி முக்கூடலில் 50 வருடம் பீடி சுற்றியவர். சுகர் வந்து 20 வருடம் ஆகிறது. போன வருடம், பீடித்தட்டோடு தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாமல் போனது. "பெலனே இல்லய்யா, எந்திரிக்க ஏலமாட்டேங்கு" என்பார். எடை பார்த்தோம், குறையவே இல்லை. வயிறும் இடுப்பும் பருத்துத்தான் இருந்தன. "வயசாயிட்டுல்லா" என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம். அந்த ஒரு சொல்லிலேயே ஒரு வருடம் போய்விட்டது.

அதனால்தான் பெயரிலேயே 'மூப்பு' வேண்டாம் என்கிறேன். அது வந்ததும் கேட்கிறவர் மனம் அங்கேயே நின்றுவிடும். மருத்துவத்திலும் இப்போது வயதால் மட்டும் வருவதை ஒரு வகையாகவும், நோயாலோ படுக்கையாலோ வருவதை இன்னொரு வகையாகவும் பிரிக்கிறார்கள். நீரிழிவு இதில் முக்கியமானது. சாப்பிட்ட பிறகு இன்சுலினின் தூண்டுதலால் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தசையின் புரதமும் கரைகிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும் இந்தச் சங்கிலி 55 வயதிலேயே தொடங்கலாம்.

'இழப்பு' அளவை மட்டும் சொல்கிறது. இந்த நோய்க்கான ஐரோப்பிய நிபுணர் குழு திருத்தி வெளியிட்ட வரையறை தசையின் வலுவைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. ஆசியப் பணிக்குழுவின் 2019ஆம் ஆண்டு அளவுகோலில் கைப்பிடியின் வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் குறைவு. நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் அறிகுறி. ஆச்சியைப் போல உடம்பு பருத்து, உள்ளே வலு போனவரிடம் 'இழப்பு' என்றால் யார் நம்புவார்?

'நலிவு' அளவு, வலு இரண்டும் குறைவதைத் தாங்கும். நலிவடைந்த நெசவு, நலிவடைந்த ஆலை என்று பத்திரிகையில் படிக்கிறோம். முடிந்துபோனதை அப்படிச் சொல்வதில்லை, கைகொடுத்தால் எழும் என்ற பொருள் அதில் இருக்கிறது. இந்த நோயும் அப்படித்தான். எடை தூக்கும் பயிற்சியாலும் போதிய புரதத்தாலும் வலுவை ஓரளவு மீட்கலாம். சுகருக்குப் பயந்து பருப்பையும் முட்டையையும் சேர்த்துக் குறைத்துவிடும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. 'சிதைவு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது பரம்பரையாக வரும் தசைச்சிதைவு நோய்க்கு ஏற்கெனவே போய்விட்டது. 'ஏலாமை' எனக்கு மிகவும் பிடித்த ஊர்ச்சொல், ஆனால் அது எல்லா முடியாமைக்கும் பொதுவானது.

தசையா, சதையா என்ற கேள்விக்கு, தசைதான். எங்கள் ஊரில் "சதை போட்டிருக்கு" என்றால் கொழுத்திருக்கிறார் என்று பொருள். ஆடுசதையில் மட்டும் சதை இருக்கட்டும், அதை யாரும் மாற்றிப் பேசப்போவதில்லை.

'தசைநலிவு' என்று வைத்தால் மூப்புத் தசைநலிவு, நீரிழிவுத் தசைநலிவு, தசைநலிவுப் பருமன் என்று கிளைகளும் எளிதாக வரும். அப்புறம், கைப்பிடியின் வலுவுக்கு 'பிடிவலு' என்று எழுதிவருகிறேன். மருத்துவ நண்பர்களுக்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.