தீக்காக்கை தேடிப் போன கதைகள்: பார்த்தவர்கள், கோட்டை விட்டவர்கள் எல்லாரும் எழுதுங்கள்

பொள்ளாச்சிக்காரன்

தீக்காக்கை என்ற சிவப்பு வயிற்றுக் காட்டுப் பறவையைத் தேடி ஐந்தாவது முறை போனபோதுதான் நடந்தது. வால்பாறைப் பக்கம், தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு சோலைத் துண்டு. எந்த எஸ்டேட் என்று சொல்ல மாட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும். மார்ச் மாதம். முந்தின நாளே நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்த் தங்கிவிட்டேன்.

காலை ஏழிலிருந்து பத்து வரை கழுத்து வலிக்க மேலேயே பார்த்தேன். சின்னக் குக்குறுவான் கத்துகிறது, சீகாரப் பூங்குருவி விசிலடிக்கிறது, சோலைமந்திக் கூட்டம் ஒன்று பலாவைப் பிய்த்துப் போடுகிறது. தீக்காக்கை மட்டும் இல்லை. சரி என்று ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரே ஒரு கொடியில் முறிந்த குச்சி மாதிரி ஏதோ தொங்கியது. காய்ந்த இலை நிறம், இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். இருபது நிமிடம்.

அப்புறம் அந்தக் குச்சி தலையைத் திருப்பியது. உடம்பு அசையவே இல்லை, தலை மட்டும் தோளுக்கு மேல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. கறுப்புத் தலை, கண்ணைச் சுற்றி நீல வளையம். முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமரா பையின் ஜிப்பை இழுத்தேன். சர்ர்ர் என்று ஒரே சத்தம். பறந்த நேரத்தில் வயிற்றுச் சிவப்பு ஒரு கணம் எரிந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றும் எங்கே ஜிப் சத்தம் கேட்டாலும் அந்தக் கொடிதான் நினைவுக்கு வருகிறது.

பழைய பைனாகுலர்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்தடிக்கு அந்தப் பக்கம் இருபது நிமிடம் உட்கார்ந்த பறவையைக் கவனிக்கவில்லை என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஒரு கணம் சிவப்பு தெரிந்தது என்கிறீர்கள். மின்சிட்டு ஆணும் ஒரு கணம் சிவப்பாகத்தான் தெரியும். வெள்ளை மார்புப் பட்டையைப் பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் நான் என் குறிப்பேட்டில் எழுத மாட்டேன்.

பொள்ளாச்சிக்காரன்

அண்ணா, மின்சிட்டு இருபது நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் அதையும் இங்கே எழுதுங்கள்.

ஆனைமலை அட்டை

எனக்குத் தீக்காக்கை கதை இல்லை, தவளைவாயன் என்ற இரவுப் பறவையின் கதை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டாப்ஸ்லிப் பக்கம். அனுமதி வாங்கி ஐந்து பேர் போயிருந்தோம், கூட வழிகாட்டியாகக் காடர் பழங்குடி அண்ணன் ஒருவர். அவர் ஒரு கிளையைக் காட்டி "அங்க பாருங்க சார்" என்றார். நாங்கள் பார்த்தோம். காய்ந்த இலை. மறுபடியும் காட்டினார். மறுபடியும் காய்ந்த இலை. கடைசியில் அவரே என் தலையைப் பிடித்துத் திருப்பினார். ஆண் பறவை, அலகை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மொட்டைக் குச்சிபோல் இருக்கிறது, அடியில் கூடு. கூடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உள்ளங்கையில் பாதிகூட வராது, பாசியும் மெல்லிறகும் சேர்த்து அப்பிய ஒரு சின்னத் திண்டு. அதில் ஒரே ஒரு முட்டைதான் இடும். பகல் முழுக்க அடைகாப்பது ஆண்.

எங்களில் ஒருவர் வைத்திருந்த லென்ஸின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். படத்துக்குக் குறுக்கே ஒரு கொடி வருகிறது என்றார். கையை நீட்டி அந்தக் கொடியை முறுக்கிப் பின்னால் செருகினார். பறவை பறக்கவில்லை. அது பறக்காது, தன்னை யாருக்கும் தெரியவில்லை என்ற நம்பிக்கையில்தான் அது வாழ்கிறது. கண்ணை மட்டும் நூலளவு திறந்தது. அந்த இடுக்கில் மஞ்சள் தெரிந்தது. எனக்கு அப்போதே தெரியும், கொடி போனால் நிழல் போய்விடும், மேலே இருந்து பார்த்தால் கூடு தெரியும் என்று. வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து அண்ணனிடம் போனில் கேட்டேன். "கூடு காலி சார்" என்றார். கொடியால்தானா, பாம்பா, வேறு ஏதாவதா, சொல்ல முடியாது. படம் என்னிடம் இருக்கிறது. கேட்காதீர்கள், போட மாட்டேன்.

மழைக்காடன்

ஆனைமலை அட்டை, மனதைத் தொட்டது. இருந்தாலும் எல்லாப் படக்காரர்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

என் கதை சின்னது: சிறுவாணி மலையடிவாரத்தில் 2016-இல் ஒரு தீக்காக்கைப் பெண்ணைப் பார்த்தேன். கறுப்பு இல்லை, சிவப்பு இல்லை, ஆரஞ்சு கலந்த பழுப்பு. செந்தலைப் பூங்குருவி என்று நினைத்து விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். சிவப்பைத் தேடாதீர்கள். நீளமான, நுனி சதுரமாக வெட்டியது போன்ற வாலைத் தேடுங்கள், நேராகக் கீழே தொங்கும். உச்சிக் கிளையில் தேடாதீர்கள், நடு அடுக்கில் கொடியும் குறுங்கிளையும் உள்ள இடத்தில் தேடுங்கள். துடுப்புவால் கரிச்சான் தலைமையில் பல இனக் குருவிகள் சேர்ந்து இரை தேடிக்கொண்டு போகும் கூட்டம் வந்தால் அசையாமல் நில்லுங்கள். அது கிளப்பிவிடும் பூச்சிக்காகத் தீக்காக்கை பின்னாலேயே வரும். பிப்ரவரியிலிருந்து மே வரை மட்கிய மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள். அந்த மெத்து மரத்தைக் குடைந்துதான் அது கூடு வைக்கிறது, பெரும்பாலும் நம் இடுப்பளவு, தலையளவு உயரத்தில். குஞ்சு கூட்டை விட்டுப் போன பிறகும் பெற்றோர் ஐந்தாறு மாதம் ஊட்டுகின்றன.

உடைக்கு வருவோம். வெள்ளைச் சட்டை வேண்டாம். சலசலக்கும் நைலான் கோட்டு வேண்டவே வேண்டாம், மழையென்றால் குடை போதும். ஜிப் வைத்த பையை விட்டுவிட்டுத் துணிப்பை எடுத்துப் போங்கள் (பொள்ளாச்சிக்காரன் கவனிக்க). மழைக்காலம் என்றால் அட்டை. புகையிலையை வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரில் காலுறையை நனைத்துக் காயவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சிலர் மூக்குப்பொடி தூவுவார்கள், வியர்வையில் கரைந்துவிடும். உப்பும் அப்படித்தான், ஓடையில் ஒரு முறை கால் வைத்தால் போச்சு. கடித்த அட்டையைப் பிய்க்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம், ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் போதும். காலுறையைப் பேண்ட்டுக்கு மேல் இழுத்துவிடுங்கள், உள்ளே அல்ல. இதைத்தான் நிறையப் பேர் தப்பாகச் செய்கிறார்கள்.

பொள்ளாச்சிக்காரன்

அட்டையைப் பற்றி யார் கேட்டது? ஆனைமலை அட்டை என்று பெயரைப் பார்த்துக் குழம்பிவிட்டீர்களா?

வேளச்சேரி வீட்டுமாடி

எங்களுக்கு மலையும் இல்லை, சோலையும் இல்லை. கிண்டி தேசியப் பூங்காதான். 2.7 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் பஸ் ஹாரன். சிரிக்காதீர்கள், அதுவும் காடுதான்.

நான் தேடியது ஆறுமணிக் குருவி. எங்கள் பாட்டி ஊரில் பொன்னுத்தொட்டான் என்பார்கள். கோடையில் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு அக்டோபர் வாக்கில் தெற்கே இறங்கும். மூன்று குளிர்காலம் அலைந்தேன். இரண்டு சுர விசில் கேட்கும், காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி. சருகுக்குள் எங்கேயோ தத்தும். உருவம் மட்டும் கண்ணில் படாது. கொடிக்கால் வாலாட்டியெல்லாம் பார்த்துவிட்டேன், அது வாலை மேலும் கீழுமாக ஆட்டாமல் உடம்பையே பக்கவாட்டில் ஆட்டும், அழகு. இது மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலை பால் பாக்கெட் எடுக்க மாடிப்படியில் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், எதிர்வீட்டுக் குழந்தை போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் பொம்மை. பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றடியில் சிவப்பு. காலால் ஓரமாகத் தள்ளப் போனேன். காலைத் தூக்கிவிட்டேன். அது மூச்சு விட்டது.

இரவெல்லாம் பறந்து களைத்துப்போய் விழுந்திருக்கிறது. செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு இருட்டில் வைத்தோம், தண்ணீர்கூட ஊட்டவில்லை. மாலையில் மரங்கள் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்ததும் சருகுக்குள் ஓடிவிட்டது. ஓடியதுதான், பறக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தூக்கிய அந்தக் கால் இருக்கிறதே, அதுதான் விடமாட்டேன் என்கிறது.

பழைய பைனாகுலர்

தலைப்பு தீக்காக்கை. மாடிப்படி அல்ல.

சரி, பொள்ளாச்சித் தம்பிக்கு ஒரு யோசனை. ஐந்து முறை அலைய வேண்டியதில்லை. போனில் அதன் குரலை முப்பது வினாடி ஓடவிடுங்கள். "கியாவ் கியாவ்" என்று இரண்டு முறை போதும், பக்கத்தில் ஆண் இருந்தால் வந்து நிற்கும். நான் பார்த்த தீக்காக்கைகளில் பாதி அப்படித்தான். ஒரு தடவையால் எந்தப் பறவையும் செத்துவிடாது.

ஆனைமலை அட்டை

நீங்கள் ஒரு தடவை. உங்களுக்குப் பின்னால் வருகிற வேன் ஒரு தடவை. சனிக்கிழமை நான்கு வேன், ஞாயிற்றுக்கிழமை ஆறு. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று அது வேலையை விட்டுவிட்டு ஓடி ஓடி வருகிறது. அந்த நேரத்தில் குஞ்சுக்கு யார் ஊட்டுவது? அதோடு புலிகள் காப்பகத்துக்குள் இதையெல்லாம் செய்ய அனுமதி தருவதில்லை, உங்களுக்கும் தெரியும்.

என் கதையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறீர்களா என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பழைய பைனாகுலர்

கொடியை முறுக்கியவரைப் பார்த்துக்கொண்டு நின்றது நான் அல்ல.

கல்லாறு கரிச்சான்

சண்டையை நிறுத்துங்கள், ஒரு ஏமாந்த கதை கேளுங்கள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, கல்லாறு. திடீரென்று பாம்புக் கழுகின் கூவல், தலைக்கு நேர் மேலே. புதரிலிருந்த சிலம்பன், சிட்டு எல்லாம் கப்சிப். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் என் போன் ஆப்பும் பாம்புக் கழுகு என்றே காட்டியது. வானத்தில் ஒன்றும் இல்லை. மூன்று முறை கூவியது, மூன்று முறையும் இல்லை. கடைசியில் பார்த்தால் துடுப்புவால் கரிச்சான், மூங்கில் கொப்பில் உட்கார்ந்து கழுகு மாதிரி கத்திவிட்டு, குருவிகள் எல்லாம் ஒளிந்ததும் கீழே ஒரு வெட்டுக்கிளியைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போகிறது. அது என்னைத்தான் பார்த்துச் சிரித்தது என்று என் மனைவி இன்றுவரை சொல்கிறாள். ஆப்பை நம்பிப் பட்டியல் எழுதுகிறவர்கள் யோசிக்கவும்.

தெனியாய

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தீக்காக்கை எங்கள் சிங்கராஜா மழைக்காட்டிலும் இருக்கிறது, நீங்கள் சொன்ன அதே மாதிரி கரிச்சான் கூட்டத்தோடுதான் வரும். கூடவே செம்முகப் பூங்குயிலும் வரும், அது உங்களிடம் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது ஆந்தை.

செரண்டிப் ஆந்தை என்று ஒரு சின்ன ஆந்தை. 1995-இல் தீபால் வரகாகொட கித்துல்கலைக் காட்டில் அதன் குரலை மட்டும் கேட்டார். ஆளைக் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜாவில். 2004-இல் புது இனம் என்று அறிவித்து, சிங்கராஜாவை மரம் வெட்டுகிறவர்களிடமிருந்து காக்கப் போராடிய திலோ ஹாஃப்மன் பெயரை வைத்தார்கள். குரலைக் கேட்டு ஆறு வருஷம் கழித்துத்தான் உருவம் கிடைத்தது. பொள்ளாச்சிக்காரன் ஐந்து பயணத்துக்கெல்லாம் அழக்கூடாது.

போன வருஷம் பின்னேரம் ஒன்றில் வழிகாட்டியோடு காட்டு ஓரம் நின்றோம். மழை விட்டு இலை சொட்டுகிறது. குட்டையாக ஒரு சீழ்க்கை. நான் மரத்து உச்சிக்கு டோர்ச் அடித்தேன். வழிகாட்டி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார், இறக்கிக்கொண்டே போனார். என் இடுப்புக்கு நேரே, ஈரப் புதரில், சாண் உயரத்துக்குச் செம்பழுப்பு உருண்டை ஒன்று, காதுக் கொம்பு இல்லை. இரண்டு கண்ணும் என்னையே பார்க்கின்றன. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். டோர்ச்சை அணைத்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். அவர் ரப்பர் பால் வெட்டப் போனவர், விடியுமுன் காட்டு ஓரமாகவே நடந்து போவார். கேட்டுவிட்டு, "இதத்தானே நாப்பது வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். தவளைன்னு நெனச்சேன்" என்றார். ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்றேன். "யாரு கேட்டா?" என்றார்.

வேளச்சேரி வீட்டுமாடி

தெனியாய, இந்த ஒரு பதிவுக்காகவே பழைய பைனாகுலரின் எல்லாப் பதிவுகளையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொள்ளாச்சிக்காரன்

அழவில்லை ஐயா, நிறுத்திக்கொண்டேன். சனிக்கிழமை மறுபடி போகிறேன், அதே பாலம். ஜிப்பை வெட்டி எறிந்துவிட்டுப் பையில் நாடா தைத்தாயிற்று. ஜூலை என்பதால் மழை கொட்டுகிறது என்று அங்கே ஒரு நண்பர் சொல்கிறார்.

மழைக்காடன் இருக்கிறீர்களா? அந்தப் புகையிலை எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

மழைக்காடன்

ராத்திரி முழுக்க. காலுறை இரண்டு ஜோடி நனையுங்கள்.