அரை மணி நேரத்தில் அணைந்துபோகும் டிஆர்650

கேள்வி: என் பைக் சுசுகி டிஆர்650. சூடான பின் வேகத்தில் போகும்போது இழுவை குறைந்து அணைகிறது. ஐந்து நிமிடம் நிறுத்தினால் கிளம்புகிறது. பிளக் புதிது. சரியாகாவிட்டால் கவாசாகி கேஎல்ஆர்650 பைக்குக்கு மாறலாமா?

பதில்: படிப்படியாகத் திணறி அணைந்தால் பெட்ரோல் குறை, பட்டென்று அணைந்தால்தான் கரண்ட் குறை. அடுத்த முறை அணைந்ததும் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை பிரைம் நிலையில் (இன்ஜின் உறிஞ்சாமலேயே பெட்ரோல் இறங்கும் நிலை) வைத்து ஓட்டுங்கள். அப்போது சரியாக ஓடினால் டேப்பைத் திறக்க இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுவரும் வேக்குவம் குழாயில் வெடிப்பு அல்லது டேப்பின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிசல். பிரைமிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். கார்புரேட்டரின் ஊசி வால்வு கசிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

பதில்: இதற்காக வண்டியை மாற்ற வேண்டாம். கேஎல்ஆரில் ரேடியேட்டர் உண்டு, நெடுஞ்சாலைக்குச் சுகம். ஆனால் சுமார் 30 கிலோ கூடுதல், மணலில் அது தெரியும். 2007 வரையிலான மாடல்களில் பேலன்சர் செயின் டென்ஷனர் லிவர் (இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்சரின் செயினை இறுக்கும் பாகம்) உடையும், முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். டிஆரிலும் ஒரு குறை உண்டு: கிளட்ச் கூடைக்குப் பின்னால், வண்டி நியூட்ரலில் இருப்பதை அறியும் சென்சாரின் இரண்டு திருகுகள் தளர்ந்து கியருக்குள் விழும். கிளட்ச் திறக்கும்போது கழற்றி, எண்ணெய் துடைத்து, லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்: மூடியைத் திறந்ததும் காற்று இழுத்தது. துளையில் மண். சுத்தம் செய்த பின் அணையவில்லை.