முதல் குளிர்காலத்துக்குப் பழைய பொருள் கடைகளில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

டொராண்டோவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குளிர்கால உடுப்புக்கும் சமையல் பாத்திரத்துக்கும் நேராக மாலுக்குப் போய்விடாதீர்கள்; முதலில் பழைய பொருள் கடைகளைப் பாருங்கள். ஒன்ராறியோவில் வீடு எடுக்கும்போதே முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள். கொண்டுவந்த பணத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். மிச்சத்தில் குடும்பம் முழுவதற்கும் புதிய கோட்டும் பூட்ஸும் வாங்கினால் வேலை கிடைக்கும்வரை கைச்செலவுக்குத் திண்டாட வேண்டியிருக்கும்.

பிறர் உடுத்திய துணியை உடுத்துவதா என்ற தயக்கம் நம்மவர்களிடம் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கவும் செய்வார்கள். ஆனால் இந்தக் கடைகளுக்கு வருகிறவர்கள் வழியில்லாதவர்கள் மட்டுமல்லர். நல்ல வேலையில் இருப்பவர்களும் கூடையை எடுத்துக்கொண்டு நிற்பார்கள். வளரும் பிள்ளைக்கு இந்த ஆண்டு வாங்கிய கோட்டு அடுத்த ஆண்டு பொருந்தாது. அதனால் சிறுவர் பகுதியில் புதிதுபோலவே இருக்கும் கோட்டுகள் தொங்குகின்றன. அவற்றை விட்டுவிட்டுப் பல மடங்கு விலை கொடுப்பது எனக்கு மனது பொறுக்காத விஷயம்.

வேல்யூ வில்லேஜ் கடைகள் பல இடங்களில் உள்ளன. அது இலாபம் ஈட்டும் நிறுவனம். எல்லாமே மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள். பெரும்பாலான பொருள்களுக்கு விலைச்சீட்டில் உள்ள தொகைக்கு மேல் 13 சதவீத வரியும் சேரும். இரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) கடைகளையும் பாருங்கள். மேசை, நாற்காலி, அலமாரிக்கு ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ரீஸ்டோர் கடை நல்ல இடம்.

கோட்டை எடுத்தால் முதலில் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். பல் சிக்குகிற ஜிப்பை மாற்றத் தையற்காரருக்குக் கொடுக்கும் கூலி கோட்டின் விலையையே தாண்டிவிடும். பிறகு தோள்பட்டையையும் முழங்கைப் பகுதியையும் விரலால் அழுத்துங்கள். இறகு அடைத்த கோட்டில் அந்த இடங்கள் தட்டையாகிக் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் சூடு தாங்காது. தையல் வழியே சின்ன இறகுகள் எட்டிப் பார்த்தாலும் வைத்துவிடுங்கள். பூட்ஸின் அடியை வளைத்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் உருகிய பனி நேராக உள்ளே போகும்.

பாத்திரப் பகுதியில் கண்ணில் பட்டவுடன் எடுக்க வேண்டியது வார்ப்பிரும்புக் கல். துருப்பிடித்திருக்கிறது என்று ஒதுக்குவார்கள். நமக்கு அது தோசைக்கல். இரும்புநாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, எண்ணெய் தடவி நாலைந்து முறை பழக்கினால் தோசை ஒட்டாமல் எழும்பும். விரிசல் மட்டும் இருக்கக் கூடாது. கண்ணாடி அடுப்பு உள்ள வீடென்றால் கல்லைச் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். மேல்பூச்சு கீறிய நான்-ஸ்டிக் சட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மின்பொருளைக் கடையிலேயே செருகிச் சோதியுங்கள். வாங்கியபின் திருப்பி எடுக்க மாட்டோம் என்பார்கள். நம்மவர்கள் விற்கும் மிக்சி, கிரைண்டர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட். 230 என்று போட்டிருந்தால் அது ஊரில் ஓடுவதற்குச் செய்தது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கான பொருள்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம். காரில் வைக்கும் குழந்தை இருக்கைக்குக் காலாவதித் தேதி உண்டு. விபத்தில் சிக்கியதா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்பு முத்திரை அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் உள்ள உறவினர் அன்போடு அனுப்பும் இருக்கையில் அது இராது, ஆகவே இங்கே பயன்படுத்த முடியாது. குழந்தை நடைவண்டி, அதாவது நடுவில் உட்காரவைத்து உருட்டும் வகை, 2004 முதல் கனடாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பக்கச் சட்டம் கீழே இறங்கும் தொட்டிலுக்கும் 2016 இறுதியில் தடை வந்தது. அக்கம்பக்கத்தார் இலவசமாகக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். ஹெல்மெட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

மெத்தை, துணி போர்த்திய சோபா வேண்டவே வேண்டாம். தெருவோரத்தில் கிடப்பதைத் தொடவே கூடாது. மூட்டைப்பூச்சி ஒருமுறை அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் வந்தால் மாதக்கணக்கில் நிம்மதி போய்விடும். வாங்கிய துணிகளைப் பையைக் கட்டியபடியே சலவை அறைக்குக் கொண்டுபோய், அதிகச் சூட்டில் அரை மணி நேரம் உலர்த்தியில் ஓடவிட்ட பிறகே வீட்டுக்குள் எடுங்கள். அந்தப் பையைக் கட்டி அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள்.

கோட்டு தேடுகிறவர்கள் செப்டம்பரிலேயே போங்கள். முதல் பனி விழுந்தபின் நல்ல அளவுகள் கிடைப்பது கடினம்.