அப்பா கார்ல டக் டக் சத்தம்

வெள்ளி இரவு

தம்பி: அப்பா கார்ல முன்னாடி இடது பக்கம் டக் டக்னு சத்தம். ஷாக் அப்சார்பர் போயிருச்சு. நாளைக்கு நானே மாத்திடுறேன். வீடியோல ஒருத்தன் 20 நிமிஷத்துல முடிச்சுட்டான்

அத்தை: யாரு, நீயா 😳

அப்பா: வைப்பர் மாத்துறேன்னு கண்ணாடியில கோடு போட்டவன்

சித்தப்பா: டேய், ஷாக் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?

தம்பி: பானெட்டை அமுக்கி விட்டேன் சித்தப்பா. ஆடிக்கிட்டே இருக்கு

சித்தப்பா: முழுசா செத்த ஷாக்கைத்தான் அது காட்டும். பாதி செத்தது அதுல தப்பிச்சுக்கும். வீலைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாரு. லேசா ஈரம் இருந்தா பரவால்ல. எண்ணெய் வழிஞ்சு புழுதி அப்பியிருந்தா போச்சு

தம்பி: 📷

சித்தப்பா: வழியுது, சரி. ஸ்ப்ரிங்கோட அடிச்சுத்து, கீழ தட்டுல உக்காருற இடம். அதோட நுனி எங்க?

தம்பி: ஐயோ

தம்பி: உடைஞ்சிருக்கு. விரல் நீளத் துண்டு தட்டுலயே கிடக்கு

சித்தப்பா: அந்தத் தட்டுலதான் சேறும் தண்ணியும் தங்கும். பெயிண்ட் உரிஞ்சு துரு ஏறி அங்கதான் முறியும். அண்ணே, வண்டியை எடுக்காதீங்க. முனை நழுவினா டயரைக் கிழிச்சிரும்

அப்பா: நேத்து கூட அதுலதான் போயிட்டு வந்தேன்

அம்மா: ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒண்ணுதானே?

சித்தப்பா: இல்ல அண்ணி. எடையைத் தாங்குறது ஸ்ப்ரிங். அது ஒரு தடவை அமுங்கினா ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக். உள்ள எண்ணெய் சின்ன ஓட்டை வழியா திணறிப் போகும், ஆட்டம் சூடா மாறிடும்

அம்மா: அப்ப அடி வாங்குறது ஒருத்தன், பேரு வாங்குறது இன்னொருத்தன்

நான்: நம்ம வீடு மாதிரியே

அப்பா: 👀

தம்பி: இடது பக்கத்துக்கு ஸ்ப்ரிங் ஒண்ணு, ஷாக் ஒண்ணு. ஆர்டர் போடட்டுமா

சித்தப்பா: ரெண்டு பக்கமும் போடு. ஒண்ணு புதுசு ஒண்ணு கிழடுன்னா வண்டி சாஞ்சு நிக்கும், வளைவுல ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி இருக்கும். மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்கி முட்டாம தடுக்குற கட்டை), தூசி உறை எல்லாமே சேர்த்து வாங்கு. பழசைத் திரும்ப மாட்டினா இதே வேலையை இன்னொரு தடவை செய்யணும்

சித்தப்பா: இப்ப கவனமா படி. பானெட்டுக்குள்ள ஓரமா மூணு நட், நடுவுல பெருசா ஒரு நட். ஓரத்து மூணையும் கழட்டலாம். நடு நட்டைத் தொடவே கூடாது

தம்பி: வீல் தொங்குறப்ப ஸ்ப்ரிங் ஃப்ரீயாத்தானே இருக்கும்?

சித்தப்பா: இருக்காது. அப்பவும் அமுங்கித்தான் இருக்கும். அந்த நட்டுதான் கட்டி வச்சிருக்கு. அவுத்தா மூஞ்சிக்குத்தான் வரும்

தம்பி: ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்குற கொக்கி வச்ச கம்ப்ரெஸ்ஸர் ஒருத்தன்கிட்ட இரவல் கிடைக்கும்

சித்தப்பா: 🎤 2:14

அத்தை: சின்னண்ணே, எழுதுங்க. இங்க எல்லாரும் தூங்குறாங்க

சித்தப்பா: நான் வேலை பழகுன பட்டறையில கொக்கி நழுவி ஸ்ப்ரிங் கூரைத் தகரத்துல போய் அடிச்சுச்சு. தகரம் கிழிஞ்சுபோச்சு. தலை இருந்திருந்தா? உடைஞ்ச ஸ்ப்ரிங்ல கொக்கி நேரா பிடிக்கவும் பிடிக்காது. கழட்டி மாட்டுறதை நீ செய். ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை முழுசா எடுத்துட்டுப் போய் பெரிய பிரஸ் இருக்குற பட்டறையில குடு. ஸ்ப்ரிங் மாத்தித் தருவாங்க

அம்மா: அவன் பண்ண மாட்டான். நான் சொல்லிட்டேன்

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: படிச்சுட்டேன்டா 😂

அடுத்த சனி

தம்பி: கீழ ரெண்டு போல்ட்டும் அசையல

சித்தப்பா: துரு இளக்குற எண்ணெயை நேத்தே அடிக்கச் சொன்னேனே. இப்ப அடிச்சு அரை மணி நேரம் விடு. கழட்டுறதுக்கு முன்னாடி போல்ட் நிக்கிற இடத்தைப் பெயிண்டால கோடு போட்டு வை. கார் நிக்குறது தாங்கு ஸ்டாண்டு மேலதானே?

தம்பி: ஜாக்கில

சித்தப்பா: வெளிய வா. இப்பவே

அப்பா: ஸ்டாண்டு வச்சாச்சு. நான் பாத்துட்டேன்

தம்பி: 📷 கழண்டுருச்சு!!

சித்தப்பா: வீல் மாட்டுற ஹப்பு பிரேக் ஹோஸ்ல தொங்குது பாரு. அந்த எடை ஹோஸுக்கு ஆகாது. கம்பியால கட்டு. ஏபிஎஸ் வயரையும் பாரு

ஞாயிறு

தம்பி: முன்னாடி முடிஞ்சது. ஸ்ப்ரிங் நுனி தட்டுல இருக்குற படியில சரியா உக்காந்திருக்கான்னு பட்டறையிலயே ரெண்டு தடவை பாத்துட்டேன். இப்ப பின்பக்க ஷாக்கையும் மாத்தக் கழட்டப் போறேன்

சித்தப்பா: அங்க ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி, சுலபம். ஆனா ஷாக் போல்ட்டை எடுக்குறதுக்கு முன்னாடி ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி குடு. இல்லேன்னா மொத்தமும் கீழ விழும். புது ஷாக்கை நிமிர்த்தி வச்சு நாலஞ்சு தடவை அமுக்கி இழுத்துட்டு மாட்டு. தண்டைக் குறடால பிடிச்சுடாத, கீறல் விழுந்தா சீல் போயிடும்

தம்பி: மாட்டியாச்சு. போல்ட்டை டைட் பண்ணிடட்டா

சித்தப்பா: கையால மட்டும். கடைசி முறுக்கு வண்டி தரையில நின்னப்புறம். தொங்குறப்ப இறுக்கினா போல்ட்டைச் சுத்தியிருக்குற ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிரும்

தம்பி: ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்

தம்பி: டக் டக் போகல 😭

அப்பா: 😐

சித்தப்பா: அழாத. முன்னாடி ஸ்ட்ரட்டுல மாட்டுற சின்னக் கம்பி, ஸ்டெபிலைசர் லிங்க், அதோட நட்டை இறுக்கினியா?

தம்பி: ...

தம்பி: கையால மட்டும்

சித்தப்பா: அது ரப்பர் புஷ் இல்லடா! முழுசா இறுக்கு!

அத்தை: 😂😂😂

தம்பி: போயிருச்சு. சத்தமே இல்ல. ஆனா ஸ்டீயரிங் லேசா வலது பக்கம் சாஞ்சு நிக்குது. முன்னாடி கொஞ்சம் தூக்கலாவும் இருக்கு

சித்தப்பா: புது ஸ்ப்ரிங், கொஞ்சம் உக்காரும். ஸ்ட்ரட்டைக் கழட்டுனா கோணம் மாறும், கோடு போட்டு வச்சாலும் கொஞ்சம் விலகும். நாளைக்கு வீல் அலைன்மென்ட் பண்ணிட்டு அப்புறம் ஓட்டு, இல்லேன்னா டயர் ஒரு ஓரமா தேயும்

அப்பா: எல்லாம் சரி. கிரீஸ் துடைச்சது என் துண்டா?